சமதரையின் பள்ளங்கள்

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைத்தடங்களை அறிவித்து, இணையத்தில் சீட்டுப் பதிந்துகொண்டு வழிகாட்டியோடு நடக்கலாம் என்று திறந்துவிட்டபோது விருதுநகர் மாவட்டத்துக்கும் பங்கு கிடைத்தது. அது மேற்கே, ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புப் பக்கம். கிழக்கே அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் ஒன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க எங்களுக்கு வாயும் இல்லை. இங்கே ஏறுவதற்கு என்ன இருக்கிறது? கண்மாய்க் கரைதான் எங்கள் மலை. மழை வெறித்த மறுநாள் காலையில் மேற்கே கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மங்கலாக ஒரு நீலம் தெரியும். "மலை தெரியுது, இன்னும் மழை இருக்கு" என்று யாராவது சொல்வார்கள். அவ்வளவுதான் எங்களுக்கும் மலைக்கும் உள்ள பேச்சுவார்த்தை. குண்டாறு அந்தச் சாப்டூர் மலைச்சரிவில்தான் பிறக்கிறது. திருமங்கலம், காரியாபட்டி தாண்டித் திருச்சுழிக்கு அது வந்து சேரும்போது பெரும்பாலான மாதங்களில் மணல் மட்டும்தான் மிச்சம்.

மலைக்கு வழிகாட்டி வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு அனுமதி, விதி, கோடையில் தடத்தை மூடுவது எல்லாம் இறுகிவிட்டன. இப்போதைய திட்டத்தில் அந்தந்த மலையடிவாரத்து இளைஞர்களும் பழங்குடி மக்களுமே கூட நடக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் இதன் மறுபாதியாக ஒரு நினைப்பு நமக்குள் உட்கார்ந்திருக்கிறது: சமதரையில் நடக்க எவன் துணை வேண்டும், கண்ணுக்கெட்டிய தூரம் தெரிகிறதே என்று. என் கட்சி வேறு. வழிகாட்டி இல்லாமல் ஒரு பர்லாங்கு போக முடியாத இடம் இந்தக் கரிசல்தான். இதை எனக்குக் காட்டியவர் ஒரு கீதாரி.

கீதாரி யார் என்று தெற்கத்தி வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: செம்மறி மந்தையை ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போய், அறுத்த புஞ்சைகளில் இரவில் கிடை போட்டு, அந்த எருவுக்குக் கூலி வாங்கிப் பிழைக்கிற ஆட்டுக்காரக் கூட்டத்தின் தலைவர். கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கத்து ஆட்கள் அதிகம். தை அறுப்பு முடிந்ததும் சிலர் தஞ்சை, திருவாரூர் வயல்களுக்கு வலசை போவார்கள். சிலர் சிவகங்கை, மதுரை என்று வைகைப் பக்கமே சுற்றுவார்கள். ஐப்பசி மழைக்கு ஊர் திரும்பினால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. கி. ராஜநாராயணன் 'கிடை' என்று குறுநாவல் எழுதினார். சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவல் இவர்களின் வலசை வாழ்வையே எடுத்துக்கொண்டது. இவர்களுடைய துயரம் இலக்கியத்துக்கு வந்த அளவுக்கு இவர்களுடைய பூகோளம் வரவில்லை என்பது என் குறை.

நான் கூட நடந்த மந்தை பந்தல்குடிக்கு மேற்கே எங்கள் உறவுக்காரர் புஞ்சையில் கிடை கிடந்தது. மாசி கடைசி. பருத்தி கடைசி எடுப்பு முடிந்து மார் காய்ந்து நின்றது. மந்தை அங்கிருந்து கிழக்கே, ம. ரெட்டியபட்டிப் பக்கம் போகிறது என்றார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போடுவதற்குள் ஊர் வந்துவிடும்.

கிடையைக் கலைப்பதற்கு முன் கீதாரி ஆடுகளை எண்ணினார். வலையில் இரண்டடி அகலத்துக்கு வாசல் திறந்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று, ஆடுகள் பிதுங்கிக்கொண்டு வெளியே வர, அவருடைய உதடு மட்டும் அசைந்தது. நடுவில் நான் ஏதோ கேட்டேன். பதில் இல்லை. எண்ணி முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். மூன்று ஜாதி ஆடு கலந்து நின்றன. வெள்ளையாக ராமநாதபுரம் வெள்ளை. வெள்ளை உடம்பில் செம்பொட்டு சிதறிய வெம்பூர் ஆடு, அதைப் பொட்டாடு என்பார்கள். கருஞ்செம்மை நிறத்தில் கொஞ்சம் கீழக்கரிசல். மூன்றுமே இந்த வறண்ட சீமைக்கென்று அமைந்தவை. ரோமம் குறைவு, கால் நீளம். நாலைந்து வெள்ளாடுகளும் கூட. அவை எதற்கு என்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது.

கீதாரியின் அரைஞாண் கயிற்றில் சாவிக்கொத்து மாதிரி ஒன்று தொங்கியது. முள்வாங்கி. இரும்பில், சுண்டுவிரல் நீளத்தில், நுனி தேய்ந்து பளபளத்தது. நடக்கிற நடையிலேயே நொண்டுகிற ஆட்டைத் தொரட்டிக் கம்பின் கொக்கியால் பின்னங்காலில் மாட்டி நிறுத்துவார். குளம்பைப் பிளந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். சீமைக்கருவேல முள் குளம்புக்குள் ஒடிந்து நின்றால் மேலே ஒரு கரும்புள்ளி மட்டும்தான் தெரியும். ஊசி முனையால் சுற்றிக் கிளறி, முள்வாங்கியால் பிடித்து இழுத்து, வெளியே வந்த முள்ளைக் கையில் வைத்து நீளம் பார்த்துவிட்டு, உள்ளே மிச்சம் இல்லை என்று தெரிந்த பிறகே ஆட்டை விடுவார். எடுத்த முள்ளைத் தரையில் போடுவதில்லை. தலைத் துண்டின் ஓரத்தில் குத்திக்கொள்வார். "கீழ போட்டா இன்னொரு ஆட்டுக்கு ஏறும்ல தம்பி." சாயங்காலம் பார்த்தபோது அந்தத் துண்டின் ஓரம் முழுக்க முள்.

முதல் சிக்கல் மதுரை-தூத்துக்குடி நால்வழிச் சாலை. இங்கிட்டு ஒரு புஞ்சை, அங்கிட்டு ஒரு புஞ்சை, நடுவில் லாரி. மேலே ஏறிக் கடக்க முடியாது. நடுத்தடுப்பில் ஒரு ஆடு மிரண்டால் அத்தனையும் மிரளும். ஓடை போகிற சின்னப் பாலத்துக்கு அடியில் வழி இருக்கிறது. ஆனால் செம்மறி இருட்டுக்குள் போகாது. பாலத்து வாயில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. அப்போது ஒரு பையன் வெள்ளாடுகளை மட்டும் பிரித்து முன்னால் விட்டான். அவை பாலத்தின் அடியில் கிடந்த காய்ந்த கொடியைக் கடித்துக்கொண்டே சாவகாசமாக உள்ளே போயின. அதற்குப் பிறகு மந்தை ஆறு மாதிரி புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. மேலே போன லாரிக்காரர்கள் யாருக்கும் கீழே இத்தனை உயிர் போகிறது என்று தெரியாது.

சாலைக்குக் கிழக்கே வந்ததும் எனக்கு ஆச்சரியம் தொடங்கியது. எதிரே விரிந்த வெளி. பார்த்தால் நேராகப் போகலாம். மந்தை நேராகப் போகவே இல்லை. ஒரு புஞ்சையை விட்டு வலக்கைப் பக்கம் ஒதுங்கும், ஒரு வரப்பைத் தாண்டாமல் நிற்கும், திடீரென்று ஓடைக்குள் இறங்கி ஓடையோடு போகும். காரணம் கேட்டால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு பதில் இருந்தது. இந்த மக்காச்சோளக் கட்டைக்குள் விடக் கூடாது, சிந்திக் கிடக்கிற கதிரைத் தின்றால் வயிறு உப்பிச் செத்துவிடும். அந்தப் பருத்திக்கு மருந்தடித்து எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை. கேட்டுச் சொல்ல ஆள் போயிருக்கிறான். 2018ல் படைப்புழு இந்தியாவுக்குள் வந்த பிறகு மக்காச்சோளக்காரர்கள் அடிக்கிற மருந்துக்குக் கணக்கில்லாமல் போய்விட்டது. முன்பெல்லாம் அறுத்த புஞ்சை என்றால் ஆட்டுக்குத் திறந்த வாசல். இப்போது முதல் கேள்வியே மருந்து. அதற்கு அங்கிட்டு சூரியத் தகட்டு வேலி வந்திருக்கிறது. போன வருசம் வண்டிப்பாதை இருந்தது, இப்போது சுற்றித்தான் போக வேண்டும்.

பிறகு அந்தப் பச்சை வந்தது. மாசியில் அத்திபூத்தாற்போல ஒரு மழை பெய்திருந்தது. கதிர் அறுத்த சோளக்காட்டில் அடிக்கட்டை எல்லாம் துளிர்த்து, சாணுயரத்துக்கு, அந்தக் காய்ந்த வெளியில் அது ஒன்றுதான் பச்சை. எனக்கே கடிக்கலாம் போல இருந்தது. ஆடுகள் மூக்கை விடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பின. அதுவரை நிதானமாக நடந்த கீதாரி ஓடினார். அறுபது தாண்டிய ஆள் அப்படி ஓடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று பேர் வரப்பில் கை கோத்தாற்போல நின்று, கம்பைத் தரையில் அடித்து, வாயால் ஒரு மாதிரி சத்தம் கொடுத்து மந்தையை மடக்கினார்கள். மூச்சு வாங்க வந்து சொன்னார்: "தின்ன எடத்துலயே விழும் தம்பி. வாயில பச்சையோட கெடக்கும். தண்ணி காட்டக்கூட நேரம் இருக்காது."

அறிவியலும் இதைத்தான் சொல்கிறது. இளஞ்சோளத்தில் துரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. மென்றதும் அது உடைந்து ஹைட்ரோசயனிக் அமிலமாகும். வளர வளர இது குறையும். ஆனால் வறட்சியில் வாடிய பயிரிலும், அறுத்த கட்டையில் துளிர்க்கும் மறுதாம்பிலும் நஞ்சு ஏறி நிற்கும். அதாவது மழை பொய்த்த ஊரில் ஒரு மழைக்குத் தலைகாட்டும் பச்சைதான் கொல்லும். மலையில் பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது, கண் எச்சரிக்கிறது, கால் தானாகப் பின்வாங்குகிறது. இங்கே பள்ளம் மேய்ச்சலாக வேடம் போட்டுக்கொண்டு சமதரையில் நிற்கிறது.

மதியம் ஒரு கண்மாய்க்குள் இறங்கினோம். இந்த மாவட்டத்துக்கு ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் சொச்சம். பெய்வதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் முடிந்துவிடும். மாசியில் மடையை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் தண்ணீர். சுற்றிலும் வெடித்த சேறு, அதற்கு உள்வட்டத்தில் வெடிக்காத சேறு. தவித்த ஆடு நேரே பாய்ந்தால் வயிறு வரை இறங்கிவிடும். தூக்கி விடுவதற்குள் மற்றவை அதன் மேலேயே ஏறும். எனவே மந்தையைக் கரையில் நாட்டுக்கருவேல நிழலில் அமர்த்திவிட்டு, கலுங்குப் பக்கம் கல் பாவிய இடமாகப் பார்த்து, இருபது முப்பதாகப் பிரித்துத் தண்ணீர் காட்டினார்கள். கார்த்திகையில் இதே இடத்துக்கு வரமாட்டாராம். ஈரக்கரையில் கண்ணுக்குத் தெரியாத கொசு கடித்து நீலநாக்கு வரும் என்றார். மருத்துவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். நுண்ணிய கடியீக்கள்தான் அந்த நோயைப் பரப்புகின்றன. துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி, கோமாரி என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு நோய்க்கும் அவர் மனதில் ஒரு ஊர்ப்பெயர் ஒட்டியிருந்தது. எந்த ஊரில் எத்தனை விழுந்தது என்பதே அவருடைய நிலப்படம்.

அந்த நிலப்படத்தில் மனிதர்களும் உண்டு. வழியில் ஒரு ஊரை விட்டு ஒதுங்கி அரைவட்டம் அடித்தோம். பங்குனிப் பொங்கலுக்குச் சாட்டியிருக்கிறார்கள், ஊருக்குள் இரண்டு தரப்புக்கும் பேச்சுவார்த்தை இல்லை, இந்த நேரத்தில் மந்தை தெருவில் நுழைந்து யார் வாசலிலாவது வாழைக்கன்றைக் கடித்தால் அதுவே போதும் என்றார். காவல் நிலையத்தில்கூட இந்த விவரம் இத்தனை துல்லியமாக இருக்குமா என்று தெரியவில்லை.

இமயமலையில் வழிகாட்டியோடு நடந்துவிட்டு வருகிறவர்கள் பேசும் பாதைகளில் பல ஆட்டுக்காரர்கள் போட்டவை. இமாசலத்தில் தரம்சாலாவிலிருந்து இந்திரஹார் கணவாய் ஏறிச் சம்பா பக்கம் இறங்கும் தடம் கத்தி என்னும் இடையர் சமூகத்தார் காலங்காலமாக மந்தை ஓட்டிய வழி. ஆடு போன தடத்தில்தான் பிறகு முதுகுப்பை போனது. ஸ்பெயினில் இன்னும் ஒரு படி மேலே. 1273ல் அரசன் பத்தாம் அல்போன்சோ இடையர்களின் மெஸ்தா என்னும் சங்கத்துக்கு உரிமைப் பட்டயம் கொடுத்தான். மந்தை போகும் பெருவழிகள் 75 மீட்டர் அகலம் வரை அளந்து ஒதுக்கப்பட்டன. 1995ல் அந்த நாடு இந்த வழிகளைக் காக்கத் தனிச் சட்டமே போட்டது. ஆண்டுக்கொரு முறை மாட்ரிட் நகரத்தின் நடுத்தெருவில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய் அந்த உரிமையை நினைவுபடுத்துகிறார்கள். நம் வருவாய்க் கணக்கிலும் மேய்க்கால் புறம்போக்கு என்று ஒரு வகைப்பாடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது தனித்தனித் துண்டு நிலம். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போக வழி எந்தக் கணக்கிலும் இல்லை. அந்த வழி கீதாரியின் வாயில் இருக்கிறது. கேட்டு, கெஞ்சி, ஒரு கிடாய்க்குட்டி கொடுத்து, வருசா வருசம் புதிதாக உண்டாக்கிக்கொள்ள வேண்டிய வழி.

மலைப்பக்கமும் ஒதுங்க இடம் குறைந்துவிட்டது. 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, சில நாட்களில் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்குச் சுருக்கியது. புலிக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நடக்க வருகிறவனுக்குத் திறக்கிற மலை மேய்க்க வருகிறவனுக்கு மூடுகிறது என்பதை மட்டும் குறித்துவைக்கத் தோன்றுகிறது.

நடந்துகொண்டிருக்கும்போது வடக்கே கைகாட்டி, அந்தத் திசையில் திருச்சுழி என்றார் கீதாரி. மலையைத் தேடிப் போன திருச்சுழிக்காரர் ஒருவரை உலகமே அறியும். 1879 டிசம்பர் 30 அன்று அங்கே பிறந்த வேங்கடராமன் 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் ரயிலேறினார். விழுப்புரத்தில் கையில் மிஞ்சிய சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரைதான் சீட்டு கிடைத்தது. அங்கிருந்து திருக்கோவிலூர் வரை நடை, பிறகு மறுபடியும் ரயில். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தவர் 1950 ஏப்ரலில் மறையும் வரை அந்த மலையை விட்டு அகலவில்லை. ரமணராகிவிட்ட அவரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் மேடே இல்லாத ஊரில் பிறந்தவனுக்கு மலை என்பது போய்ச் சேர்கிற இடமாகத் தோன்றுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. மலையில் உச்சி உண்டு, ஏறியாயிற்று என்று சொல்லிக்கொள்ள ஓரிடம் உண்டு. மந்தைக்கு அப்படி ஓரிடம் இல்லை. கீதாரியிடம் "எங்க போய் முடியும் ஐயா?" என்று கேட்டேன். "முடியறதா?" என்று திருப்பிக் கேட்டார். நரிக்குடி, அப்புறம் மானாமதுரைப் பக்கம், அப்புறம் நெல் அறுத்த தாக்கு, அப்புறம் மழை வந்தால் ஊர். ஊரிலிருந்து மறுபடியும் இங்கே.

பொழுது சாய ம. ரெட்டியபட்டிக்கு இந்தப் பக்கத்திலேயே ஒரு மல்லிப் புஞ்சையில் மந்தை நின்றது. அறுத்த கொத்தமல்லித் தாளின் வாசம் தூக்கலாக இருந்தது. காலையிலேயே டி.வி.எஸ். எக்ஸெல்லில் முன்னால் போன ஆள் பேசி வைத்திருந்த புஞ்சைதான். ஆனாலும் புஞ்சைக்காரச் சம்சாரி வந்து வரப்பில் நின்றுகொண்டு பேச்சை முதலிலிருந்து தொடங்கினார்.

"போன வருசம் கெட போட்டதுக்கு ஆவணியில புஞ்ச பூரா கருவேலங்கன்னு மொளச்சுக் கெடந்துச்சு. களையெடுத்த கூலிய யார் குடுக்குறது?"

பொய்க் குற்றச்சாட்டு இல்லை. சீமைக்கருவேல நெற்று ஆட்டுக்குச் சர்க்கரை. விதை புழுக்கையோடு சேதமில்லாமல் வெளியே வந்து விழுந்து, எருவும் கூடவே இருப்பதால் நன்றாக முளைக்கும். அந்த மரத்தை ஒழிக்கச் சொல்லி நீதிமன்றம் வரை போன சீமை இது. மந்தை அதைப் பரப்பும், அந்த முள்ளே மந்தையின் குளம்பில் ஏறும். கீதாரி மறுக்கவில்லை.

"நெத்து விழுகுறது சித்திரைக்கு மேலதான மாப்ள. இப்ப எங்க நெத்து இருக்கு? பொறுக்கித் தின்னா ஒண்ணு ரெண்டு. போன வருசம் நான் உங்க புஞ்சைக்கு வந்தது வைகாசி. நீங்கதான வரச் சொன்னீக."

"அதுக்கு?"

"ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறு வருசம்னு உங்க அப்பாரு சொல்லுவாரு. அவரு எங்கிட்ட வெல பேசினதே இல்ல."

செத்துப்போன அப்பாவைச் சாட்சிக்கு இழுத்ததும் சம்சாரி கொஞ்சம் இறங்கினார். ராத்திரிக்கு இவ்வளவு என்று கேட்ட தொகையில் ஒரு பகுதி குறைந்தது, சமையலுக்கு அரிசி கூடியது, மூன்று இரவு என்பது இரண்டானது. இருவருக்கும் திருப்தி இல்லை. அதனால் பேரம் சரியாகத்தான் முடிந்திருக்க வேண்டும். வலையை இறக்கி முளை அடிக்கத் தொடங்கினார்கள். வழியில் ஈன்ற குட்டி ஒன்றைப் பையன் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதைப் பஞ்சாரத்துக்குள் விட்டு மூடினான். கீதாரி வாசலை இரண்டடிக்குத் திறந்து வைத்து மறுபடியும் எண்ணினார். இந்தத் தடவை நான் வாய் திறக்கவில்லை. காலைக் கணக்கோடு குட்டி ஒன்று கூடுதல்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். அது போய்விட்டது என்றார், நான் கேட்பதற்காகவே காத்திருந்தது மாதிரி. காவலுக்கு ஒரு ஆள் குறைகிறதாம். ஊருக்குப் போன பங்காளி நாளைக்குத்தான் வருவானாம். வடமேற்கு மூலையைக் காட்டி ஒரு சாக்கும் கம்பளியும் கொடுத்தார்.

"அங்கிட்டுத்தான் நாய் வரும். கல்லெடுத்து வீசிராதீங்க தம்பி, ஆடு மெரண்டு வலையப் பிச்சுரும். சத்தம் மட்டும் குடுங்க. முழிச்சுக்கிட்டே குடுக்கணும்."